இங்காலை மலையும் அங்காலை மலையும்

ரயில் போய் முட்டித் திரும்புகிற ஒரு பள்ளத்தாக்கு சுவிஸ் நாட்டில் இருந்தது. அதன் இரண்டு பக்கமும் இரண்டு மலைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன, இரண்டின் உச்சியிலும் பனியில் சறுக்க வருகிறவர்களுக்கென்று விடுதிகள் இருந்தன, இரவில் எந்த மலையில் எவ்வளவு பனி கொட்டியது என்பதை அறியாமல் அந்த ஊர்ச் சனம் காலையில் முகம் கழுவியதில்லை. மலைகளுக்கு நாக்கில் தடக்குகிற ஜெர்மன் பெயர்கள். அங்கே வேலைக்குப் போய்ச் சேர்ந்த எட்டு யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் அந்தப் பெயர்களோடு கொஞ்சக் காலம் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்கிற அர்த்தத்தில், ஒன்றை இங்காலை மலை என்றும் மற்றதை அங்காலை மலை என்றும் கூப்பிடத் தொடங்கின. இதில் ஒரேயொரு வில்லங்கம், அங்காலை மலையில் வேலை செய்கிறவர்களுக்கு அதுதான் இங்காலை. ஆகவே இரண்டு தமிழர் மலையைப் பற்றிக் கதைத்தால், கதைக்கிறவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கதைக்கு, பேரம்பலம் நிற்கிற மலை இங்காலை மலை.

பேரம்பலத்துக்கு வயது ஐம்பத்தெட்டு. இங்காலை மலை விடுதியின் குசினியில் இருபத்திரண்டு வருசம் கோப்பை கழுவி, நாரி பிடித்து நிமிர முடியாமல் போனபோது, மனேஜர் உர்ஸ் நல்ல மனுசன், அவரை வீட்டுக்கு அனுப்பாமல் ஒரு லேசான வேலையில் நிறுத்தினான். காலை ஏழு மணிக்குக் கேபிள் கார் நிலையத்தின் பின்னால் நட்டிருக்கிற அளவுத் தடியில் பனி எத்தனை சென்ரிமீற்றர் என்று பார்க்க வேண்டும், நிலையத்தின் முகப்பில் இருக்கிற ஆளுயரக் கரும்பலகையில் வெண்கட்டியால் அதைப் பெரிதாக எழுத வேண்டும், பிறகு உள்ளூர் வானொலிக்கு ரெலிபோன் எடுத்துச் சொல்ல வேண்டும். அங்காலை மலையிலும் அதே மாதிரித் தடி, அதே மாதிரிப் பலகை. இரண்டு பக்கமும் உல்லாசப் பயணிகளுக்காக நட்டுவைத்த தொலைநோக்கிகளால் எட்டிப் பார்த்தால் மற்றப் பக்கத்துப் பலகையை வாசிக்கலாம். "இந்தப் பக்கம் எழுபது, அந்தப் பக்கம் அறுபத்தாறு" என்று வானொலிப் பெண் சொன்னதும் ஒரு பக்கத்துச் சனம் கோப்பியை ருசித்துக் குடிக்கும், மற்றப் பக்கத்துச் சனம் வெறுமனே குடிக்கும்.

அவர் தனி ஆள். கேபிள் கார் இயந்திரம் ஓடுகிற கட்டடத்துக்கு மேலே ஒரு அறை, ஒரு கட்டில், ஒரு மேசை, இரண்டு கதிரை. இரண்டாவது கதிரையில் எட்டு வருசமாக அவருடைய குளிர் ஜக்கெற்தான் இருந்தது. பேச்சுத்துணை என்று சொன்னால் தடி, பலகை, வானொலிப் பெண் மூன்றும்தான். அந்தப் பெண்ணும் எண்ணைக் கேட்டதும் நன்றி சொல்லி வைத்துவிடுவாள். பின்னேரம் நாலு மணிக்கு அவர் தவறாமல் தொலைநோக்கியடியில் போய் நிற்பார். அங்காலை மலை விடுதியின் கீழ்த்தளத்தில் இடமிருந்து மூன்றாவது யன்னலுக்குப் பக்கத்தில் ஒரு குழாயிலிருந்து அந்த நேரத்துக்கு வெள்ளையாக ஆவி வரும். அது சலவை அறை. அங்கே விருந்தாளிகளின் படுக்கை விரிப்புகளையும் துவாய்களையும் அவிய வைத்துத் தோய்க்கிற வேலை அவருடைய மனைவி மனோரஞ்சிதத்துக்கு. எட்டு வருசமாக இருவரும் ஒரு சொல் பேசியதில்லை. நாலு மணிக்கு அந்த ஆவி கிளம்பினால் அவள் சுகமாய் இருக்கிறாள் என்று அர்த்தம், அவருக்குக் குடும்பம் என்று மிஞ்சியது அந்தப் பத்து நிமிசம்தான்.

இருவரும் பிரிந்த கதையைச் சொல்லாமல் பனியின் கதையைச் சொல்ல முடியாது.

பேரம்பலத்தின் வாயில் 'இல்லை' என்ற சொல் வராது. பெருந்தன்மையால் அல்ல, வளர்ப்பு அப்படி. அவருடைய தாய் வீட்டில் அரிசிப் பானை அடி தெரிந்தால் "அரிசி இல்லை" என்று சொல்லக்கூடாது, "அரிசி நிறைஞ்சு கிடக்கு" என்றுதான் சொல்ல வேண்டும், கேட்கிறவர் புரிந்துகொண்டு கடைக்குப் போவார். உப்பு நிறைஞ்சு கிடக்கும், மண்ணெண்ணெய் நிறைஞ்சு கிடக்கும், மாரிகாலத்தில் வீடு முழுக்க எல்லாமே நிறைஞ்சு கிடக்கப் பிள்ளைகள் பட்டினியாய்ப் படுப்பார்கள். ரஞ்சிதம் வேறு மாதிரி. அவள் வழக்கத்துக்காக ஒரு சொல்லும் சொல்லமாட்டாள். அரிசி இல்லையென்றால் இல்லை என்பாள், சமையல் சரியில்லையென்றால் சரியில்லை என்பாள், வெளிக்கிடும்போது, போய்விட்டு வருகிறேன் என்று எல்லாரும் வாய்ப்பழக்கத்தில் சொல்கிற "போட்டு வாறன்" என்பதைக்கூட, திரும்பி வரப்போகிற இடத்தில் மட்டும்தான் சொல்வாள். பிடிக்காத வீட்டுக் கலியாணங்களிலிருந்து அவள் "போறன்" என்று சொல்லிக் கிளம்பி, பேரம்பலத்தை வெட்கப்பட வைத்திருக்கிறாள்.

கலியாணமாகி ஆறாம் வருசம் அவர்களுக்கு ஒரு பெண் பிள்ளை பிறந்தது. ஒன்பது நாள் இருந்தது. முப்பத்தொன்றாம் நாள்தான் பேர் வைப்பது வழக்கம் என்பதால் பேர் இல்லாமலே போய்விட்டது. பத்தாம் நாள் ஊரிலிருந்து தாய் ரெலிபோன் எடுத்து, "பிள்ளை என்ன செய்யுது ராசா?" என்று கேட்டபோது பேரம்பலத்தின் வாய் தன் பழக்கத்தைச் செய்தது. "நித்திரையாக் கிடக்கு அம்மா. வீடு நிறைஞ்சு கிடக்கு" என்றார். அன்றைக்கு அந்த ஒரு நாளைக்காகத்தான் சொன்னார். ஆனால் அடுத்த கிழமை தாய் மறுபடி கேட்டாள், அவர் மறுபடி சொன்னார், பிறகு அந்தப் பிள்ளைக்கு ரெலிபோனுக்குள்ளே நிறைமதி என்று பேர் வைக்கப்பட்டது, பல் முளைத்தது, நடை பழகியது, அம்மை வந்து மாறியது, பள்ளிக்கூடம் போனது. ஏழு வருசம் ரஞ்சிதம் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டே தன் பிள்ளை வளர்வதைக் கேட்டாள். ஒருநாள் தாய், "எனக்கும் வயசாப் போச்சு. பேத்தியோட ஒருக்காக் கதைக்க விடு" என்றாள். பேரம்பலம் ரெலிபோனைக் கையால் பொத்திக்கொண்டு, சின்னக் குரலில் ரெண்டு வசனம் கதையும் என்று ரஞ்சிதத்திடம் கண்ணால் கெஞ்சினார்.

ரஞ்சிதம் ரெலிபோனை வாங்கினாள். காதில் வைக்கவில்லை. மேசையில் மெல்ல வைத்தாள், ஜக்கெற்றைப் போட்டாள், சப்பாத்தைப் போட்டாள்.

"போறன்" என்றாள்.

பேரம்பலம் கதவடியில் நின்று, மிச்சச் சொல் வரும் என்று பார்த்தார். வரவில்லை. அடுத்த வருசம் தாயும் செத்துப்போனாள், பேத்தி நன்றாகப் படிக்கிறாள் என்ற நிம்மதியோடு. பொய் சொல்வதற்குக்கூட அவருக்கு ஆள் இல்லாமல் போனது.

இனிப் பனிக்கு வருவோம்.

அந்த வருசம் மார்கழி பாதி கழிந்தும் இங்காலை மலை மொட்டையாகக் கிடந்தது. அங்காலை மலையில் நாற்பது சென்ரிமீற்றர், இங்கே காய்ந்த புல். அளவுத் தடி நிர்வாணமாக நின்றது. பலகையில் பூச்சியம் போட வேண்டும், அதுதான் வேலை. ஆனால் பூச்சியம் என்பது வட்டமாக எழுதினாலும் 'இல்லை'தானே, பேரம்பலத்தின் கை எழும்பவில்லை. மூன்று கிழமையாகப் பலகையைத் துடைத்து வெறுமனே விட்டார். வானொலிப் பெண்ணுக்கு "இன்னும் பார்க்கவில்லை" என்றார். கடைசியில் உர்ஸ் மேலே வந்து, "பேரி, ஏதாவது எழுது. வெறும் பலகையைப் பார்த்தால் நாங்கள் மூடிவிட்டோம் என்று நினைப்பார்கள்" என்றான்.

அவன் போனபின் பேரம்பலம் வெண்கட்டியை எடுத்து, ஒருவருக்கும் விளங்கப்போவதில்லை என்ற தைரியத்தில், தமிழில், குண்டு குண்டாக, 'நிறைஞ்சு கிடக்கு' என்று எழுதினார். எழுதிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போனார்.

தேத்தண்ணியில் சீனி கரைவதற்குள் அங்காலை மலையின் பனி எழும்பியது. அவசரப்படாமல், சரிவு சரிவாக, காய் வெடித்த இலவம்பஞ்சு மாதிரி எழும்பி, பள்ளத்தாக்குக்கு மேலால், தேவாலயக் கோபுரத்தில் காற்றுக்குத் திரும்புகிற தகரச் சேவலுக்கும் மேலால், வீதியில் ஒரு துகள்கூடச் சிந்தாமல் கடந்து வந்து, இங்காலை மலையில் இறங்கிப் படிந்தது. கீழே பால் வண்டிக்காரன் வண்டியை நிறுத்தி, தலைக்கு மேலால் பனி போய்முடியும் வரை மரியாதையாகக் காத்திருந்துவிட்டுப் பிறகு போனான். தடியில் நாற்பது. அங்காலை மலையில் பச்சைப் புல்.

சுவிஸ் சனம் ஆச்சரியப்படுவதில் நேரத்தை வீணாக்குகிற சனம் அல்ல. அன்று மத்தியானமே இங்காலைப் பக்கத்துக் கிராமசபை கூடியது. பலகையில் இருந்த எழுத்தைப் படமெடுத்து, நகரத்துப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்த ஒரு வெள்ளைக்கார அறிஞருக்கு அனுப்பி, இது பிரார்த்தனையா அறிக்கையா என்று கேட்டார்கள், பிரார்த்தனை என்றால் பொது இடத்தில் எழுத அனுமதி எடுக்க வேண்டும். இலக்கணப்படி இது அறிக்கைதான் என்று அவர் பதில் போட்டதும் சபைக்குப் பெரிய ஆறுதல். பேரம்பலம் தினமும் ஏழு மணிக்கு அந்த அறிக்கையை எழுதுவது என்று தீர்மானம் நிறைவேறியது. பலகைக்கு மழை படாமல் கூரை போட்டார்கள், நல்ல வெண்கட்டி வரவழைத்தார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு கிழமைக்குள் 'ஞ்சு' எழுதப் பழகினார்கள், சறுக்க வந்தவர்கள் பலகையடியில் நின்று படம் பிடித்தார்கள். இரண்டு விவசாயிகள் தங்கள் மாட்டுக் கொட்டிலிலும் எழுதித் தரச்சொல்லிக் கேட்டுப் பார்த்தார்கள், பால் ஒரு சொட்டும் கூடவில்லை. அந்தப் பலகைக்குப் பனியோடு மட்டும்தான் பேச்சுவார்த்தை என்று முடிவாயிற்று.

எங்கள் எட்டுக் குடும்பங்களும் சும்மா இருக்குமா? வெள்ளிக்கிழமைப் பூசைக்கு நிலக்கீழ் மண்டபத்தில் கூடியபோது, இது பிள்ளையாரின் புதுமை என்று ஒரு பகுதியும், தமிழின் சக்தி என்று ஒரு பகுதியும் வாதாடி, பேரம்பலத்துக்குப் பொன்னாடை போர்த்த ஒரு குழு அமைத்து, தலைவர் பதவியில் பிரச்சினை வந்து, அது இரண்டு குழுவாகி, இரண்டு பொன்னாடை வந்தது. பேரம்பலம் இரண்டையும் மடித்து இரண்டாவது கதிரையில் வைத்தார்.

ஒருநாள் விடிய, ஒருவரும் இல்லாத நேரம், அவர் பலகையில் 'ரஞ்சிதம் வந்திட்டா' என்று எழுதிப் பார்த்தார். அரை மணித்தியாலம் குளிருக்குள் நின்றார். கேபிள் கார் வெறுமையாய் மேலே வந்து, வெறுமையாய்க் கீழே போனது. துடைத்துவிட்டு வழமையானதை எழுதினார்.

தை பிறந்தபோது கீழே இருந்த தபால்காரன் ஒரு விசயத்தைக் கண்டுபிடித்தான். அந்தப் பள்ளத்தாக்குக்கு என்று வானம் தருகிற பனி தருகிறபடிதான் தருகிறது, இரவில் அங்காலை மலையில் விழுவதெல்லாம் காலை ஏழு மணிக்கு எழும்பி இங்காலை வருகிறது, அவ்வளவுதான். இங்கே நூற்றிருபது என்றால் அங்கே புல். ஆடு மேய்க்கலாம். அங்காலை மலைக்காரர் சண்டைக்கு வரவில்லை, ஒரு பெரிய வட்டப் பாலாடைக்கட்டியோடு நாலு பேர் வந்து, அந்தத் தமிழ் ஐயா கிழமையில் மூன்று நாள் ஓய்வெடுத்தால் நல்லது என்று பணிவாகச் சொன்னார்கள். இயற்கையின் விசயத்தில் தலையிடுவது எங்கள் வழக்கமில்லை என்று கிராமசபை அதைவிடப் பணிவாகப் பதில் சொல்லி, பாலாடைக்கட்டியை வைத்துக்கொண்டது.

பேரம்பலத்துக்கு இதெல்லாம் காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. புகழ் கொஞ்சம் இனிப்பாயும் இருந்தது, மறைப்பானேன். வாழ்நாளில் முதல் தடவையாக அவர் சொன்ன 'நிறைஞ்சு கிடக்கு' உண்மையாகவே நிறைந்து கிடந்தது. ஆனால் தை பத்தாம் தேதி நாலு மணிக்குத் தொலைநோக்கியில் பார்த்தபோது ஆவி வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. பனி இல்லையென்றால் விருந்தாளி இல்லை, விருந்தாளி இல்லையென்றால் விரிப்பு இல்லை, விரிப்பு இல்லையென்றால் எதைத் தோய்ப்பது? இந்தக் கணக்கு தபால்காரனுக்கு வேண்டாம், குசினியில் இருபத்திரண்டு வருசம் நின்ற பேரம்பலத்துக்கு எப்போதோ வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவருடைய கை எழுதிய ஒவ்வொரு நாளும் அவள் பக்கத்திலிருந்து அள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார், கண்ணாடியில் குறையில்லை, குழாயில்தான் ஒன்றும் வரவில்லை.

செய்தியைக் கொண்டுவந்தவன் இளையதம்பி. இரண்டு மலைக்கும் மாறி மாறி மஞ்சள் பஸ் ஓட்டுகிறவன், ஆகையால் எது இங்காலை எது அங்காலை என்பதில் என்றைக்கும் குழம்பிக்கொண்டிருப்பவன்.

"அண்ணை, அங்காலை விடுதியைச் சனிக்கிழமையோட பூட்டப்போகினமாம். அக்கா கனடாவுக்குத் தங்கச்சியாரிட்டப் போறா."

பேரம்பலம் சப்பாத்து நூலைக் கட்டிக்கொண்டிருந்தார், கட்டி முடித்தார், அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"கனடாவுக்குப் போறதைச் சொல்லேக்க என்ன சொன்னவ? போட்டு வாறன் எண்டோ?"

"இல்லை அண்ணை. போறன் எண்டுதான் சொன்னவ."

"ம்."

"இன்னொரு புதினம் கேளுங்கோ. அங்காலைக்காரர் அக்காவைப் பிடிச்சு, உங்களுக்கும் தமிழ் தெரியும்தானே, எங்கட பலகையில நீங்கள் எழுதித் தாங்கோ எண்டு கெஞ்சினவை. எழுதினா விடுதி பூட்டாது, வேலையும் போகாது. அக்கா என்ன செய்தவ தெரியுமோ? இல்லாததை இருக்கெண்டு எழுதமாட்டன் எண்டிட்டா. வெண்கட்டியை வாங்கி ஒரு முட்டை போட்டிட்டுப் போட்டா. விசர்தானே?"

பேரம்பலம் தொலைநோக்கியடிக்குப் போனார். அங்காலை மலைப் பலகை முழுக்க ஒரேயொரு பூச்சியம் இருந்தது. வளைவு நடுங்காமல், தொடங்கிய இடத்திலேயே வந்து சரியாக முட்டியிருந்தது. ரஞ்சிதத்தின் கை அது, அவள் தோசையும் அப்படித்தான் வார்ப்பாள். எட்டு வருசத்துக்குப் பிறகு அவளுடைய கையெழுத்தைப் பார்க்கிறார், அதுவும் ஒரு முட்டை. அவருக்கு அழுகை வந்தது.

மறுநாள் காலை அவர் ஒரு தந்திரம் செய்து பார்த்தார். 'நிறைஞ்சு கிடக்கு' என்பதற்குப் பதிலாக, 'காணும்' என்று எழுதினார். பரிமாறுகிறவரிடம் போதும் என்று கையைக் குறுக்கே காட்டிச் சொல்கிற சொல். பனி அதைக் கேட்டது. ஒரு துகளும் புதிதாக எழும்பவில்லை. ஆனால் வந்தது திரும்பிப் போகவும் இல்லை, நூற்றிருபது நூற்றிருபதாகவே கால் நீட்டிக் கிடந்தது. அடுத்த நாள் 'கொஞ்சம் குறைவு' என்று எழுதினார். பத்துச் சென்ரிமீற்றர் எழும்பி, பள்ளத்தாக்கின் நடுவில் யோசித்துவிட்டு, வந்த வழியே திரும்பியது. அரைகுறைச் சொல்லுக்கெல்லாம் அது இறங்காது என்று தெரிந்தது. தேவையான சொல் எதுவென்று அவருக்கு முதல் நாளே தெரியும். அது அவருடைய வாய்க்குள் ஐம்பத்தெட்டு வருசமாகப் பூட்டிக் கிடந்த சொல். அதை எழுதினால் விடுதி போய்விடும், உர்ஸின் முகம் வாடும், இரண்டு குழுக்களும் சேர்ந்து ஏசும். அதுகூடப் பரவாயில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் என்ற பயம்தான் பெரிது. ஏற்கெனவே உண்மையாய் இருக்கிற ஒன்று இனியும் எப்படி உண்மையாகும் என்று அந்தப் பயம் யோசிக்கவில்லை.

சனிக்கிழமை வந்தது. காலை ஏழு மணி. அவர் பலகையைச் சுத்தமாய்த் துடைத்தார். மேலே, இடப்பக்கத்தில், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தாக, 'பனி இல்லை' என்று எழுதினார்.

காலடியில் ஒரு அசைவு. தடியைச் சுற்றியிருந்த பனி மெல்ல விரல் பிரிப்பதுபோல் பிரிந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை, கை நிற்கவில்லை, எட்டு வருசமும் அதற்கு முந்திய ஏழு வருசமும் சேர்ந்து கையைத் தள்ளிக்கொண்டு போயின. 'அம்மாவுக்குச் சொன்ன பல் இல்லை' என்று எழுதினார். 'நடை இல்லை. பள்ளிக்கூடம் இல்லை' என்று எழுதினார். 'நிறைமதி இல்லை' என்று எழுதி, அந்தப் பேரைத் தான் ஒருநாளும் எழுத்தில் பார்த்ததில்லை என்று கண்டு, கொஞ்சம் நின்று, 'தி'யின் சுழியை நேர்த்தியாய்த் திருத்தினார். இனிப் பலகையில் ஒரு வரிக்குத்தான் இடம் இருந்தது. கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர் ரஞ்சிதத்தை நீ என்றும் சொன்னதில்லை, நீங்கள் என்றும் சொன்னதில்லை, யாழ்ப்பாணத்துப் புருசன்மார் போல நீர், உமக்கு, வாரும், இரும் என்றுதான் அழைத்தார். அதே வழக்கத்தில் கடைசி வரியை எழுதினார்.

'நீர் இல்லை.'

வெண்கட்டி முடிந்தது. பலகை நிறைஞ்சு கிடந்தது.

அவருடைய தலைக்கு மேலால் நூற்றிருபது சென்ரிமீற்றர் பனியும் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. கூரைகளிலிருந்து, தேவதாரு மரங்களிலிருந்து, ஒரு மாதமாய்ப் பிள்ளைகள் செய்து வைத்திருந்த பனி மனிதர்களிடமிருந்து, எல்லாம் எழும்பிப் பள்ளத்தாக்கைக் கடந்து அங்காலை மலையில் போய் இறங்கியது. சறுக்குப் பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்டிருந்தவர்கள் புல்லில் நின்றார்கள். ஏழரைக்கு இங்காலை மலை மண்ணிறமாய், ஈரமாய், ஒரு மாட்டின் முதுகு போல வெயிலில் கிடந்தது.

ஒருவரும் அவரை ஏசவில்லை. ஏசியிருந்தால் ஒரு பேச்சுத்துணையாவது கிடைத்திருக்கும். உர்ஸ் வந்து புல்லைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான், அவருடைய தோளில் இரண்டு தரம் தட்டிவிட்டு விருந்தாளிகளைக் கீழே அனுப்பப் போனான். கிராமசபை கூடி, புதிய அறிக்கையைப் படமெடுத்து அறிஞருக்கு அனுப்பியது. அவர் அகராதியை வைத்துக்கொண்டு பக்குவமாய் மொழிபெயர்த்தார். பனி இல்லை, பல் இல்லை, நடை இல்லை, பள்ளி இல்லை, முழு நிலவு இல்லை, கடைசியாக, தண்ணீர் இல்லை. மற்றதெல்லாம் கவிதைபோல இருந்ததால் சபை அதைப் பொருட்படுத்தவில்லை, கடைசி வரிதான் பொறுப்பான அறிக்கையாகத் தெரிந்தது. உடனே குழாய்க்காரர் இருவரை மேலே அனுப்பினார்கள். அவர்கள் மலையின் தண்ணீர்த் தொட்டியைத் திறந்து பார்த்தார்கள், தளும்பத் தளும்பத் தண்ணீர் இருந்தது. இருந்தாலும் எச்சரிக்கைக்காக, இங்காலை மலையில் தண்ணீர்த் தட்டுப்பாடு வரக்கூடும் என்று மத்தியானச் செய்தியில் வானொலிப் பெண் வாசித்தாள். தமிழ்க் குடும்பங்களும், இவ்வளவு நாளும் தமிழின் சக்தியைப் பற்றி வாதாடியவர்கள், அது சரிதான் போல என்று வாளிகளில் தண்ணீர் பிடித்து வைத்தார்கள்.

அன்று நாலு மணிக்குப் பேரம்பலம் தொலைநோக்கியடிக்குப் போகவில்லை. ஆவி வந்தாலும் தாங்காது, வராவிட்டாலும் தாங்காது. அறையில் கட்டிலில் இருந்தார். கீழே கேபிள் கார் இயந்திரம் ஓடியது, நின்றது, ஆளில்லாத மலைக்கு யார் வருகிறார்கள் என்று யோசிக்கும் அளவுக்கும் அவருக்குத் தெம்பு இல்லை. மரப்படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. கதவு தட்டப்பட்டது.

ரஞ்சிதம் நின்றாள். தலைமுடி பாதி நரைத்திருந்தது. ஆவியில் வெந்த கைகள் சிவந்து தடித்திருந்தன. ஒரு கையில் ஒன்றரை லீற்றர் போத்தல் நிறையத் தண்ணீர்.

"அங்காலை தண்ணி இல்லையாம் எண்டு ரேடியோவில சொல்லிச்சினம்" என்றாள். "அதுதான் கொண்டு வந்தனான்."

பேரம்பலம் வாயைத் திறந்தார். இருக்கு, தொட்டி நிறைஞ்சு கிடக்கு என்று அந்த வாய் சொல்லப் பார்த்தது. அவர் அதை விடவில்லை.

"ஓம்" என்றார். "இல்லை."

அவள் உள்ளே வந்து, இரண்டாவது கதிரையில் இருந்த ஜக்கெற்றையும் இரண்டு பொன்னாடையையும் தூக்கிக் கட்டிலில் போட்டுவிட்டு, இருந்தாள். கோப்பையில் தண்ணீர் ஊற்றி அவர் பக்கம் தள்ளினாள். அவர் குடித்தார். சலவை அறைக் குழாய்த் தண்ணீர், கொஞ்சம் சவர்க்கார மணம் அடித்தது.

"வாசிச்சனீரோ?"

"விடிய வெளிக்கிட்டு நிண்டனான், பெட்டியோட. வாசலில சனமெல்லாம் பனி வருகுது எண்டு வானத்தைப் பாத்திச்சினம். நான் கண்ணாடிக்குள்ளால உங்கட பலகையைப் பாத்தன். ஒவ்வொரு வரியா வந்தது." தன் கைகளைப் பார்த்தாள். "அவளின்ரை பேரை வடிவா எழுதியிருந்தனீங்கள்."

பதினைந்து வருசத்தில் அந்தப் பேரை ரஞ்சிதம் குறிப்பிட்டது அதுதான் முதல் தடவை. பேரம்பலம் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதார். அவள் அவரைத் தேற்றவில்லை, தேற்றுவதற்கு என்று சில வழக்கமான சொற்கள் இருக்கின்றன, அவளிடம் அவை இல்லை. பிறகு அவளும் அழுதாள். ஒன்பது நாள் இருந்த ஒரு பிள்ளைக்காக, இரண்டு பேர் ஒரே மேசையில் இருந்து, பதினைந்து வருசம் பிந்தி அழுதார்கள். யன்னலுக்கு வெளியே மண்ணிற மலை இருட்டிக்கொண்டு வந்தது, அதற்கு அப்பால் அங்காலை மலை முழுவதும் வெள்ளையாக இருந்தது.

"கனடா?" என்று கேட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"இருநூறு பேர் பதிஞ்சிருக்கினம் நாளைக்கு. விரிப்பெல்லாம் மலைபோல கிடக்கு. என்னை விட்டா ஆர் தோய்க்கிறது?"

"எனக்கு இஞ்ச இனி வேலை இல்லை" என்றார் பேரம்பலம். பங்குனிக்குப் பிறகு இந்த அறையும் இல்லை என்றார். நாரி நோகாத நாள் இல்லை என்றார். ஒருதரம் திறந்த வாய், இல்லாததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தது, அவள் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இளையதம்பியின் பஸ் ஆறு மணிக்கு. ரஞ்சிதம் எழும்பி ஜக்கெற்றைப் போட்டாள். மேசையிலிருந்த போத்தலைப் பார்த்தாள், பாதி இருந்தது, எடுக்காமல் விட்டாள். கதவடியில் குனிந்து சப்பாத்தை மாட்டினாள். பேரம்பலம் எட்டு வருசத்துக்கு முன் நின்ற அதே மாதிரி, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல், பின்னால் வந்து நின்றார்.

நூலை இறுக்கிக் கட்டி நிமிர்ந்து, அவருடைய முகத்தைப் பார்த்து, அவள் சொன்னாள்:

"போட்டு வாறன்."